கடைசி ஸ்டாப் வரைக்கும் போகிறவள்

எங்கள் வீட்டில் அவள் பேச்சை எடுக்காமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், என் மாமியார், “அவ வச்சா இப்பிடித்தேன் சுள்ளுனு இருக்கும்” என்பார். நான் வைத்தால் அது புளி ஏறிப்போன குழம்பு. அவள் வைத்தால் சுள்ளென்று இருக்கும். தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் என் வீட்டுக்காரருக்கு அவள் ஞாபகம் வரும். பக்கத்து வீட்டில் கொய்யா பழுத்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வரும். நான் மட்டும்தான் அவளைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. திறந்தால் உள்ளே கிடக்கிற பொறாமை முழுக்க வெளியே வந்து விழும். எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஊர் முழுக்க அவள் பெயர்தான்.

அவள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் கொழுந்தனார் வேலை பார்த்தபோது, அதே ஹோட்டலில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். “அவங்களும் நம்மள மாதிரி வேதக்காரங்கதேம்மா, பூசைக்குப் போவாங்க” என்று போனில் சொல்லி மாமியாரைச் சமாதானப்படுத்தினார். பிறகு அவருக்கு வேறு நாட்டில் வேலை மாறியது. அங்கே குடும்பத்தோடு இருக்க வீடு கிடைக்கும்வரை அவளைத் திண்டுக்கல்லுக்கு, மேட்டுப்பட்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒரு ஐப்பசி மழையில் வந்தாள். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விட்டாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் சுற்றிய ஊர்களை, இந்த ஜில்லாவிலேயே பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, நாற்பதைத் தாண்டிவிட்ட நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆள் குள்ளம். கழுத்தோடு நிற்கிற முடி. என் பழைய சுடிதார்தான் போட்டுக்கொள்வாள், அதில் நீச்சலடிக்கலாம் போல இருக்கும். ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. பார்க்கிறவர்கள் நேபாளமா, மணிப்பூரா என்று கேட்பார்கள். “மேட்டுப்பட்டி” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடிக்கும்போது அவர்கள் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகியிருப்பார்கள்.

வந்த முதல் வாரம் சோப்பு வாங்கப் போகிறேன் என்று வெளியே போனாள். மத்தியானம் ஆகியும் ஆளைக் காணோம். போன் கட்டிலில் கிடக்கிறது. மாமியார் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் தெருத்தெருவாகத் தேடினார். எனக்காக அவர் கடையைச் சாத்தியது கிடையாது. சாத்த வேண்டுமென்றால் நான் எங்காவது தொலைய வேண்டும், அதற்கு முதலில் வெளியே போக வேண்டும்.

சாயங்காலம் ஆடி அசைந்து வந்தாள். ஒரு கையில் சோப்பு, மறு கையில் பை நிறையக் கொய்யா. அப்போது அவளுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் கையுமாகச் சொன்னாள். சோப்பு வாங்கினாளாம், எதிரே ஒரு டவுன் பஸ் நின்றதாம், ஏறிவிட்டாளாம். அது கன்னிவாடி போகிற பஸ். கடைசி ஸ்டாப் வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி டீ குடித்தார்களாம், அவளும் குடித்தாளாம். அதே பஸ்ஸில் அதே சீட்டில் திரும்பிவிட்டாளாம்.

“தொலைஞ்சு போயிருந்தா என்னம்மா செய்வ?” என்று இவர் கேட்டார்.

எப்படித் தொலைவேன், போகிற பஸ் திரும்பி வரும்தானே என்றாள். எங்களுக்குத்தான் புத்தி போதவில்லை என்கிற மாதிரி எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். இவர் தலையைச் சொறிந்துகொண்டே கடையைத் திறக்கப் போனார்.

அதுதான் அவள். அவளைப் பற்றி வேறு எது சொன்னாலும் அது இதற்குள் அடங்கிவிடும். வழி தப்புவதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வழி தப்பிவிடுமோ என்பதைவிட, தப்பியது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம். அவளுக்கு அந்த நாலு பேர் வேண்டும். அவர்கள்தானே வழி சொல்ல வேண்டும்.

வாரத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொண்டாள். வேடசந்தூர், நத்தம், சின்னாளப்பட்டி, செம்பட்டி. எது வந்து நிற்கிறதோ அதில் ஏறுவாள், கடைசி வரைக்கும் போவாள், திரும்பி வருவாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்று ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. எந்த நாட்டுப் பெண் என்று கண்டக்டர் கேட்பதில்லை. அவர் கிழித்துக் கொடுக்கிற சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பைபிளுக்குள் வைத்துக்கொள்வாள். நான் அந்தச் சீட்டைக் கையில் தொட்டுப் பார்த்ததே அவள் பைபிளில்தான்.

என் கதை வேறு. கல்யாணமான நாள் முதல் நான் ஸ்கூட்டரின் பின் சீட்டு. கோவிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, துணி எடுக்க, எல்லாவற்றுக்கும் இவர்தான் கூட்டிப் போவார். “எங்க வீட்டுக்காரர் என்னைய தனியா அனுப்புனதே இல்ல” என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன். அது பெருமைதான் என்று நிஜமாகவே நினைத்திருந்தேன். வத்தலக்குண்டு ரோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவர் சட்டையின் முதுகுதான். கோடு போட்டதா, கட்டம் போட்டதா என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இவள் வந்து ஒரு மாதம் இருக்கும். என்னை உட்காரவைத்து இவர் வண்டியைக் கிளப்பியதைப் பார்த்துவிட்டு, மாமியாரிடம் மெதுவாக ஜாடையில் கேட்டிருக்கிறாள், அக்காவுக்குக் காலில் ஏதாவது நோவா என்று. மாமியார் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுக்களைக்குள் போனதும் தேங்காய் துருவுகிற சாக்கில் துருவி எடுத்துவிட்டேன், தேங்காயை.

அவள் வழி கேட்கிறதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதைக் குறைவு. தெரிகிறதோ இல்லையோ ஒரு பக்கம் கையை நீட்டுவார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து இதிலேயே இருப்பதால் எங்களுக்கு இது உறைத்ததில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். “இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும்க்கா. அதனால ஒருத்தர கேக்கக்கூடாது” என்றாள். முதலில் மீசைக்காரர் யாரையாவது கேட்பாள். அவர் கை நீட்டிய பக்கம் நாலு எட்டு நடப்பாள், அவர் மனம் நோகக்கூடாதே. அப்புறம் கூடையோடு நிற்கிற ஒரு பொம்பளையைக் கேட்பாள். கூடைக்காரி சொல்வதுதான் முடிவு. கூடையைத் தூக்கிக்கொண்டு தப்பான பஸ்ஸில் ஏற எந்தப் பொம்பளைக்கும் தெம்பு கிடையாது என்பாள்.

அவள் தமிழ் படித்ததும் அந்தக் கூடைக்காரிகளிடம்தான். நம் பக்கத்துப் பழக்கம் தெரியுமே, பஸ்ஸில் நிற்கிறவர்கள் கையில் இருப்பதை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வைத்துவிடுவார்கள், கேட்கக்கூட மாட்டார்கள். இவள் சீட்டில் உட்கார்ந்ததும் பூக்கூடை, கீரைக்கட்டு, கைப்பிள்ளை என்று எல்லாம் மடிக்கு வந்துவிடும். அவள் நாட்டிலும் நீளமாக ஒரு ஜீப் வண்டி உண்டாம். அதில் பின்னால் இருப்பவர்கள் காசைக் கை மாற்றிக் கை மாற்றி டிரைவருக்கு அனுப்புவார்களாம். அதனால் இது அவளுக்கு ஊர்ப் பழக்கம் மாதிரியே இருந்தது. கூடையை இறக்கும்போது அவர்கள் ஒரு முழம் மல்லிகையோ, ரெண்டு சிறுமலைப் பழமோ கொடுத்துவிட்டுப் போவார்கள். தை பிறக்கும் முன்பே, “செத்த நேரம் இருங்கக்கா, வாரேன்” என்று பேச ஆரம்பித்துவிட்டாள். என் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மீடியத்தில் காசு கட்டி நான் மறக்கடித்த பேச்சு அது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாமியார் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் நாட்டில் பெரியவர்களைப் பார்த்தால் அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது வழக்கம். வந்து இறங்கிய அன்று வாசலிலேயே மாமியார் கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். எங்கள் பக்கம் பெரியவர்கள் சின்னவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பது வழக்கம். நெற்றிக்குப் போன கை சும்மா இருக்குமா, தன்னால் சிலுவை போட்டுவிட்டது. அன்றிலிருந்து தினமும் வெளியே போகும்போது ஒரு சிலுவை, வந்ததும் ஒரு சிலுவை. எனக்குக் கல்யாணத்தன்று ஒன்று, பிள்ளை பெறப் போகும்போதெல்லாம் ஒன்று. அவ்வளவுதான் என் கணக்கு. முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு உசத்தி என்று சும்மாவா சொன்னார்கள்.

மாரம்பாடி அந்தோணியார் கோவிலுக்கு நேர்ச்சை ஒன்று மாமியாருக்கு நெடுநாளாகப் பாக்கி. “நான் கூட்டிட்டுப் போகவா அத்தை?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறேன். “உன்னைய நம்பி எங்கடி வாரது, நீயே வழி தெரியாம முழிப்ப” என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் மாமியார் பட்டுக்கரைச் சேலை கட்டி, கைப்பையோடு நிற்கிறார். பக்கத்தில் அவள்.

“எங்க அத்தை?”

“மாரம்பாடி. இவ கூட்டிட்டுப் போறா.”

“அவளுக்கே ஊரு புதுசு.”

“புதுசா இருந்தா என்ன, கேட்டுப் போவா. வாயுள்ள புள்ள பொழைக்கும்.”

அவர்கள் போன பிறகு வாசலைக் கூட்டினேன், ஏற்கெனவே கூட்டிய வாசலை. வயிறு எரிந்தது. மத்தியானம் மழை வந்தால் நன்றாக இருக்கும், நனைந்து வரட்டும் என்று நினைத்தேன். வரவில்லை. மாமியார் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததை நாலு வீட்டில் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டிய இடம் வந்தால் நாமெல்லாம், “அண்ணே, ஓரமா நிறுத்துங்க” என்போம். அவள் மோதிரம் போட்ட விரலால் மேல்கம்பியில் டக் டக் என்று தட்டுவாள். அவள் ஊர் வழக்கமாம். முதலில் டிரைவர்கள் வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்து நிறுத்தினார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். அப்புறம் எங்கள் தெருப் பொம்பளைகளும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் தட்ட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். நான் ஆட்டோவில் போவதே இல்லை என்பது வேறு.

இனிமேல்தான் என் அம்மா வருகிறாள்.

அம்மா இருப்பது சேவுகம்பட்டியில். வத்தலக்குண்டு போய் அங்கிருந்து இன்னொரு பஸ். அப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். தம்பி திருப்பூரில். ரெண்டு வருஷமாக அம்மாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை மேலே ஏறாது. சோறாக்குவாள், துணி அலசுவாள், தலை மட்டும் வார முடியாது. அம்மாவுக்கு இந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. ஊரில் கோவில் திருவிழா என்றால் அம்மா கொண்டையைப் பார்க்கவே பொம்பளைகள் திரும்புவார்கள். நான் போகிறபோது வாரிவிடுவேன். நான் போவது இவருக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை. இவருக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது வரும்.

கிறிஸ்துமஸுக்கு எல்லோருமாகக் கார் வைத்து அம்மாவைப் பார்க்கப் போனோம். ஓரகத்தியும் வந்தாள். அம்மா கையையும் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், அம்மாவும் சிலுவை போட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பங்குனி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்து என்னிடம் ஒரு பாட்டிலை நீட்டினாள். எலுமிச்சை ஊறுகாய். பாட்டில் வாயில் வெள்ளைத்துணி, அதன் மேல் ரெண்டு சுற்றுக் கட்டி ஓரத்தில் சுருக்குப் போட்ட நூல். அந்தச் சுருக்கை உலகத்தில் ஒருத்திதான் போடுவாள்.

“இது எங்க அம்மா கட்டுனது” என்றேன்.

“ஆமாக்கா. அம்மா வீட்டுக்குத்தேன் போய்ட்டு வாரேன்.”

“யாரோட?”

“யாரோடயும் இல்ல. செம்பட்டிக்கு ஒரு பஸ், வத்தலக்குண்டுக்கு ஒரு பஸ், அப்புறம் ஒரு பஸ். எல்லாம் டவுன் பஸ்சு. அம்மா தலைய வாரிவிட்டேன். முடி எம்புட்டு நீளம்க்கா.”

நான் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். “தங்கமான புள்ளடி” என்று ஆரம்பித்தாள் அம்மா. “எண்ணெய கையில ஊத்தி, தேச்சு சூடு பண்ணி வச்சாடி. கண்ணு சொக்கிருச்சு. வெஞ்சனம் ஒண்ணும் இல்ல, துவையலும் சோறுந்தேன் போட்டேன், அம்புட்டு ஆசையா சாப்ட்டா.” நான் எப்போது வருவேன் என்று அம்மா கேட்கவே இல்லை. வழக்கமாக அதைத்தான் முதலில் கேட்பாள்.

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அவள் என் இடத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அம்மாகிட்ட உனக்கு என்ன வேல?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. மாமியார் முற்றத்திலிருந்து, “ஏண்டி?” என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். யோசித்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். “எங்க அம்மா வீட்டுக்குப் பஸ் இல்லக்கா. உங்க அம்மா வீட்டுக்குப் பஸ் இருக்கு.”

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கதைகளில் வரும். எனக்குப் பொறாமைதான் இன்னொரு படி ஏறியது. அம்மாவும் இருக்கிறாள், அம்மா வீட்டுக்குப் பஸ்ஸும் இருக்கிறது, காசுகூட வேண்டாம். எல்லாம் எனக்கு இருந்தது, போய்விட்டு வந்தவள் அவள். வெங்காயத்தை அவள் கையிலிருந்து வாங்கி நான் உரித்தேன். கண்ணீருக்கு அது ஒரு சாக்கு.

அப்புறம் செவ்வாய்தோறும் போனாள். ஒவ்வொரு செவ்வாயும் வாசலில் நின்று, “அக்கா, வாங்க போவோம்” என்று கூப்பிடுவாள். நான் பிறந்த ஊருக்கு, எங்கிருந்தோ வந்தவள் எனக்கு வழி காட்டிக் கூட்டிப்போவதா? “இவர் கூட்டிட்டுப் போவார்” என்பேன். இவரிடம் ராத்திரிச் சோறு போடும்போது கேட்பேன். “ஞாயித்துக்கிழமை பாப்போம்” என்பார். கெட்ட மனுஷர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பார், அவ்வளவுதான்.

புரட்டாசி முடியும்போது கொழுந்தனாருக்கு வீடு கிடைத்துவிட்டது. டிக்கெட் வந்தது. மதுரை விமான நிலையத்துக்குக் கார் பேசலாம் என்றார் இவர். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றாள். நாடு விட்டு நாடு போகிறவள், பெட்டியோடு, மதுரை பஸ்ஸில். வழியனுப்ப மாமியாரும் தெருவில் பாதிப் பேரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். புறப்படும் முன்னால் அவள் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, அம்மா முடிய நுனியில இருந்து வாரணும். மேல இருந்து வாரினா வலிக்கும்” என்றாள். என் அம்மா முடியை எனக்குச் சொல்லித் தருகிறாள். சரி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் போய் ஒரு மாதம் ஆனது. இவர் கடைக்குத் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிற்று, ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. ஒரு திங்கட்கிழமை அம்மா போனில் சொன்னாள்.

“தல சடை விழுந்து கெடக்குடி. அரிக்குது. நாளைக்கு அடுத்த வீட்டுப் புள்ளைய கத்திரி எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன். வெட்டிர வேண்டியதுதேன்.”

“எதுக்கும்மா வெட்டுற?”

“வச்சு என்னத்தடி செய்ய? வார ஆளில்லாத முடி.”

அன்று இவரிடம் கேட்டேன். “நாளைக்கு எப்படிடி? ஞாயித்துக்கிழமை பாப்போம்” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடி குப்பையில் கிடக்கும் என்று நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சோறாக்கி மூடி வைத்தேன். மாமியாரிடம், “அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வாரேன் அத்தை” என்றேன். “யாரோட?” என்றார். செருப்பை மாட்டினேன்.

ஷேர் ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகப் பார்த்தது. வாயில் வார்த்தை வரவில்லை. கை தானாகப் போய்க் கம்பியில் டக் டக் என்று தட்டிவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, “நீங்களுமாக்கா?” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு என்று எழுதிய பஸ்ஸைத் தேடினேன். இல்லை. தேனி என்று ஒன்று போனது. கம்பம் என்று ஒன்று, குமுளி, கொடைக்கானல். நான் தூணோரம் நின்று வத்தலக்குண்டுக்காகக் காத்திருந்தேன். யாரையாவது கேட்கலாம். கேட்டால் என்ன நினைப்பார்கள்? இந்த வயதில், இந்த ஊர்க்காரி, அம்மா வீட்டுக்குப் போக வழி தெரியாமல் நிற்கிறாள் என்று சிரிக்க மாட்டார்களா? வெளிநாட்டுக்காரி கேட்டால் அது அழகு. நான் கேட்டால் அசிங்கம். இன்னொரு தேனி பஸ்ஸும் போனது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கத்திரியோடு அடுத்த வீட்டுப் பெண் இந்நேரம் புறப்பட்டிருப்பாள்.

காலிப் பூக்கூடையோடு ஒரு பொம்பளை நின்றிருந்தாள். கூடைக்காரி. நேரே அவளிடம் போனேன்.

“ஏம்மா, நான் ஊருக்குப் புதுசு. வத்தலக்குண்டுக்கு எந்த பஸ்சு?”

எப்படி அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

“அட, இம்புட்டு நேரம் போனது பூராம் வத்தலக்குண்டு வழிதேன் தாயி. தேனி, கம்பம், கொடைக்கானல் எல்லாம் அங்கிட்டுதேன் போகும். நானும் வத்தலக்குண்டுதேன். வா, ஏறு.”

எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவள் நின்றாள், கூடை என் மடிக்கு வந்தது. செம்பட்டி தாண்டியதும் கேட்டாள். “புதுசுங்கிற. பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சால்ல இருக்கு?”

“கல்யாணம் பண்ணி வந்தது.”

“எப்ப?”

“இப்பத்தேன்.”

அவள் என் காதோர நரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்லவள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள். “உன்னைய மாதிரித்தேன், ஊருக்குப் புதுசா ஒரு புள்ள இந்தப் பக்கம் வரும். வெளிநாட்டுப் புள்ள. கூடைய அதுதேன் மடியில வாங்கி வச்சுக்கிடும். அம்புட்டு தைரியம், அம்புட்டு சிரிப்பு. இப்ப ஆளையே காணோம். உனக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன். எங்கள் ஊரில் யாரும் சொல்லாத வார்த்தை. கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வத்தலக்குண்டில் சேவுகம்பட்டி பஸ்ஸைக் காட்டிவிட்டுத்தான் அவள் போனாள். அது டவுன் பஸ். கண்டக்டர் காசு கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முடி பிரிந்து முதுகு முழுக்கக் கிடந்தது. அடுத்த வீட்டுப் பெண் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரியை அவளிடமிருந்து வாங்கி ஜன்னலில் வைத்தேன். “நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவள் போய்விட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் வாசலையும் பார்த்தாள்.

“மாப்ள வண்டிய எங்க நிறுத்துறாரு?”

“அவர் வரல. பஸ்ல வந்தேன்.”

“யாரோட?”

“யாரோடயும் இல்ல.”

அம்மா மறுபடி வாசலைப் பார்த்துவிட்டு, “அவளும் இப்பிடித்தேன் வந்து நிப்பா, திடுதிப்புனு” என்றாள்.

வாங்கிக் கட்டிக்கொள்ள இவ்வளவு தூரம் வந்தேனா என்று இருந்தது. எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்தேன், சூடாகும்வரை தேய்த்தேன். சீப்பை எடுத்து அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மேலேயிருந்துதான் வாரினேன். நுனியிலிருந்து வாரச் சொன்னவள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். சிக்கில் சீப்பு மாட்டி அம்மா தலை பின்னால் வந்தது.

“ஸ்... அவ இம்புட்டு இழுக்க மாட்டாடி.”

“அவ போயிட்டா” என்றேன். “இனிமே செவ்வாய்க்கு செவ்வா நாந்தேன் வருவேன். பழகிக்க.”